வயலில் குழாய் இருக்கிறது, வாய்க்காலில் முறை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல் வயல்கள் புவியைச் சூடாக்குகின்றன என்ற செய்தி இப்போது ஆண்டுக்கு நாலைந்து முறையாவது நாளேடுகளில் வந்துவிடுகிறது. கூடவே, அதற்கு மருந்தாக, வயலின் நீர்மட்டம் பார்க்கத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் படமும் வருகிறது. இரண்டிலும் பொய்யில்லை. ஆனால் குழாயைக் கையில் கொடுத்துவிட்டால் வயலில் எழும் மீத்தேன் வாயு குறையும், தண்ணீர் மிஞ்சும், போதாக்குறைக்கு, அப்படிக் குறைத்ததற்கு விலையாகக் கார்பன் பணமும் வரும் என்று எழுதுவதைப் படித்தால், காவிரிப் பாசனப் பகுதியின் வாய்க்கால்களை அறிந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் குழாய் எதைச் செய்யும், எங்கே தோற்கும், வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை எப்படி விவசாயி தலையில் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயலில் தண்ணீர் நின்ற சில நாட்களுக்குள் மண்ணில் உள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். அடுத்து, ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகக் கைவைக்கும். இவையெல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு முறை வரும். மண்ணில் அழுகும் தாளும் வேரும் வைக்கோலும் அவற்றுக்குத் தீனி. இப்படி உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வெளியேறுவதில்லை. வேருக்குக் காற்றைக் கொண்டுபோக நெற்பயிர் தன் தண்டுக்குள் வைத்திருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே ஏறிவிடுகிறது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் மீத்தேனில் சுமார் 8 சதவீதம் நெல் வயல்களின் பங்கு. இந்த வாயு காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே இருக்கும் என்றாலும், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இடையில் சில நாள் வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று புகுகிறது. இரும்பும் சல்பேட்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மறுபடி தண்ணீர் கட்டினாலும், மீத்தேன் நுண்ணுயிர்கள் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் திருத்தி வெளியிட்ட கணக்கு முறையில், தொடர்ந்து தண்ணீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், பருவத்தில் ஒரே ஒரு முறை காயவிட்ட வயலுக்கு 0.71, பல முறை காயவிட்டதற்கு 0.55. அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு குறைந்துவிடுகிறது. விதையை மாற்றாமல், மருந்து தெளிக்காமல், விளைச்சலையும் இழக்காமல் இவ்வளவு குறைவது சாதாரண விஷயம் அல்ல.

இதைத்தான் நம் வேளாண் துறையினர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்கிறார்கள். ‘நீர் மறைய நீர் கட்டுதல்’ என்று திருந்திய நெல் சாகுபடிக் கையேடுகளில் வருவதும் ஏறக்குறைய இதுவே. ‘மறைய’ என்றால் எவ்வளவு மறைய என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பிலிப்பைன்சில் லாஸ் பானோஸ் நகரில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய குழாய் அந்த அளவுகோல்தான். வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை.

30 செ.மீ. நீளம், 4 அல்லது 6 அங்குல விட்டம் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் 5 மி.மீ. துளைகளை 2 செ.மீ. இடைவெளியில் போட வேண்டும். 15 செ.மீ. மண்ணுக்குள்ளும் 15 செ.மீ. மேலேயும் இருக்கும்படி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளிவிட வேண்டும். உழவுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் மண் தட்டைக் குழாய் துளைத்துவிடக் கூடாது. துளைத்தால் தண்ணீர் அந்த வழியாகவே கீழே போகும். நட்ட 10 முதல் 15 நாள் வரை வழக்கம்போல் தண்ணீர் நிற்கட்டும். அதன்பின் 5 செ.மீ. கட்டிவிட்டு, குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. கட்ட வேண்டும். வயல் மேலே காய்ந்து கிடந்தாலும் வேர் நுனி ஈரத்தில்தான் இருக்கும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் காயவிடவே கூடாது. அப்போது ஈரம் குறைந்தால் பதர் விழும். அந்த இழப்பை எந்தக் கார்பன் பணமும் ஈடுகட்டாது.

செயல்முறை விளக்கக் கூட்டங்களில் சொல்லாமல் விடுகிற சங்கதிகள் சில உண்டு. குழாயை வரப்போரமாக நட்டால் அது பொய் சொல்லும், ஏனென்றால் வரப்பில் கசியும் தண்ணீர் அங்கே மட்டம் காட்டும். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, மேடுமில்லாத பள்ளமுமில்லாத இடத்தில் இருக்க வேண்டும். வயல் மட்டம் சீராக இருந்தால் ஏக்கருக்கு ஒரு குழாய் போதும். இல்லாவிட்டால் ஒரு மாவுக்கு (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) ஒன்று தேவைப்படும். அப்போதும் மேட்டுப்பகுதியில் பயிர் வாடும்போது பள்ளத்தில் தவளை கத்திக்கொண்டிருக்கும். லேசர் கருவியால் மட்டம் செய்யாத வயலில் இந்த முறையை வற்புறுத்தக் கூடாது என்பதே என் கருத்து. துளைகளில் களி அடைத்துக்கொண்டால் வெளியே தண்ணீர் வற்றினாலும் குழாய்க்குள் நின்றுகொண்டிருக்கும். தண்ணீர் கட்டிய சில மணி நேரத்தில் உள்ளும் வெளியும் ஒரே மட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மண்ணுக்கு மண் அளவும் மாறும். பழைய டெல்டாவின் (காவிரி, வெண்ணாறு பாயும் பகுதி) களிமண்ணில் 15 செ.மீ. தாண்டிக் காயவிட்டால் மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் பிளவாகிவிடும். அடுத்துக் கட்டுகிற தண்ணீரில் பெரும்பகுதி பிளவு வழியே கீழே போய்ச் சேரும். சிக்கனம் என்று தொடங்கியது செலவாக முடியும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் தண்ணீர் மளமளவென்று இறங்கும் என்பதால் 10 செ.மீ. இறங்கியதுமே கட்டிவிடுவது பத்திரம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்பு மண்ணில் இதைச் செய்யவே வேண்டாம். காய்ந்தால் உப்பு மேலே வரும்.

களை இன்னொரு சிக்கல். தண்ணீர் நிற்பதே நெல்லுக்குப் பழைய களைக்கொல்லி. அதை எடுத்துவிட்டால் கோரையும் குதிரைவாலிப் புல்லும் தலைதூக்கும். நட்ட மூன்றாம் நாள் பிரட்டிலாகுளோர் என்ற களைக்கொல்லியை இட்டு இரண்டு மூன்று நாள் மெல்லிய தண்ணீரை வடிக்காமல் வைத்திருந்து, பிறகு கோனோ வீடர் என்ற களையெடுக்கும் உருளைக் கருவியை ஓட்டினால் சமாளிக்கலாம். களை மிகுந்த வயலில் காயவிடுவதையே இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட வேண்டும்.

யூரியாதான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. காற்றுப் புகும் மண்ணில் யூரியாவின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும். அதன்மேல் தண்ணீர் கட்டினால் அது நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் பறந்துவிடும். நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பம் பிடிக்கும் சரக்கு. ஆகவே தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன்பு, ஈரம் சுண்டிய மண்ணில் யூரியாவைத் தூவி உடனே பாய்ச்ச வேண்டும். சத்து தண்ணீரோடு வேர் மட்டத்துக்கு இறங்கும். நின்ற தண்ணீரில் வீசிவிட்டு அடுத்த நாளே வயலைக் காயவிடுகிறவர் உரத்தையும் இழந்து புவியையும் சூடாக்குகிறார். இலையின் பச்சையை ஒப்பிடும் வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுகிறவர்களுக்கு இந்தச் சேதம் குறைவு.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் என்பது 2 லட்சம் லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் தள்ளும் மோட்டார் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் பயிரான குறுவைக்கு மொத்தம் 120 செ.மீ. தண்ணீர் என்று வைத்தால் 24 பாய்ச்சல். அதில் கால் பங்கு மிஞ்சினால் 6 பாய்ச்சல், 12 லட்சம் லிட்டர். நல்ல ஆண்டில் 5 லட்சம் ஏக்கரைத் தாண்டும் டெல்டா குறுவைக்கு இதைப் பெருக்கினால் 21 டி.எம்.சி. வருகிறது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! அறிக்கைகளில் இப்படிப்பட்ட எண்ணைப் போட்டுக் கைதட்டல் வாங்குவது சுலபம். ஆனால் இது காகிதக் கணக்கு. டெல்டாவில் ஒரு வயலில் கசிவது அடுத்த வயலுக்கோ, வடிகால் வழியாகக் கீழ் மதகுக்கோ, நிலத்தடிக்கோ போய் அங்கே மறுபடி பயன்படுகிறது. மெய்யான மிச்சம் இதைவிடக் குறைவு. மின்சார மிச்சமும் டீசல் மிச்சமும்தான் நிச்சயமானவை.

மழைக்காலத்தில் நிற்கும் சம்பாவுக்கும், குறுவை அறுத்த வயலில் நடும் தாளடிக்கும் இந்தப் பேச்சே பெரும்பாலும் பொருந்தாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வயலை நிரப்பிக்கொண்டிருக்கும்போது யார் காயவிடுவது? வடிகாலே பெருங்கவலையாக இருக்கும் மாதங்கள் அவை. ‘டெல்டா முழுவதும் மூன்று போகமும்’ என்று பேசுகிற திட்டங்களை நம்ப வேண்டாம். குறுவையிலும் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்திலும்தான் இது ஓடும்.

ஆழ்குழாய் வைத்திருப்பவருக்கு இதில் என்ன லாபம்? தமிழகத்தில் பாசனப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். மிச்சப்படுத்தினாலும் பையில் ஒரு ரூபாய் சேராது. இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மிச்சத்துக்கு ஓர் ஊக்கத்தொகை கிடைக்க வழியில்லை என்கிறேன். வங்கதேசத்திலும் இதே முடிச்சு வேறு வடிவில் இருக்கிறது. அங்கே போரோ எனப்படும் வறண்ட கால நெல் பருவத்தில் பம்பு முதலாளிக்குப் பல இடங்களில் பருவத்துக்கு இவ்வளவு என்றோ விளைச்சலில் பங்கு என்றோதான் கூலி. தண்ணீரை மிச்சம் பிடிப்பவர் விவசாயி, டீசல் மிஞ்சுவது பம்புக்காரருக்கு. அந்த நாட்டுக்கு இம்முறையில் வேறொரு நன்மை உண்டு: அங்கே நிலத்தடி நீரில் ஆர்சனிக் அதிகம், வயலைக் காயவிட்டால் அரிசியில் ஆர்சனிக் குறையும். ஆனால் காட்மியம் கூடலாம். மண்ணில் அது எவ்வளவு என்று பார்க்காமல் இறங்கக் கூடாது.

வாய்க்கால் பாசனம்தான் சிக்கலின் மையம். டெல்டாவில் பெரும்பாலான வயலுக்குத் தனி மடை கிடையாது. தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்து போகிறது. மேல் வயல்காரர் கட்டினால்தான் கீழ் வயலுக்கு வரும், கீழ் வயல்காரருக்குத் தேவைப்பட்டால் மேல் வயல் காய முடியாது. 20 பேர் நிலத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் குழாய் நட்டு வைத்திருப்பது, ஓடும் பேருந்தில் ஒரு பயணி மட்டும் பிரேக் மிதிப்பதைப் போல.

தனி மடை இருப்பவருக்கும் நம்பிக்கை வேண்டும். களிமண்ணில் நாளொன்றுக்கு ஆவியாகவும் கசிவாகவும் சுமார் 1 செ.மீ. போகும். 5 செ.மீ. கட்டினால் ஐந்து நாள் நிற்கும், பிறகு மண்ணின் இடுக்குகளில் கொஞ்சம் தண்ணீரே இருப்பதால் 15 செ.மீ. இறங்க இன்னும் சில நாள்தான். ஆக ஒரு சுற்று 7 முதல் 10 நாள். மணற்பாங்கில் இதில் பாதி. இப்போது முறைப்பாசனத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் வரும், ஒரு வாரம் நிற்கும் என்று முறை வைத்தால், பழைய டெல்டாவுக்கு அதுவே கிட்டத்தட்ட காய்ச்சலும் பாய்ச்சலும்! குழாயே தேவையில்லை, மதகே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அந்த ஒரு வாரம் 10 நாளாகி, 10 நாள் 15 நாளாகி, எப்போது திறப்பார்கள் என்று தலைமடைக்கே தெரியாதபோது கடைமடை விவசாயி என்ன செய்வார்? தண்ணீர் வரும்போதே வரப்பை உயர்த்தி, 5 செ.மீ.க்குப் பதில் 15 செ.மீ. கட்டி வைப்பார். அதை அறியாமை என்று எழுதுகிறவர்கள் அவர் கணக்கைப் படிக்கவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்பதே கர்நாடகத்தின் மழையைப் பொறுத்து இருக்கும்போது, கையில் வந்த தண்ணீரை வடித்துவிடச் சொல்வது யாருக்கு எளிது?

வியட்நாமில் மீகாங் டெல்டாவில் 2030க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த மீத்தேன் நெல் என்ற திட்டத்துக்கு 2023 நவம்பரில் அரசு ஒப்புதல் தந்தது. அங்கே இம்முறை பரவ முக்கியக் காரணம் குழாய் அல்ல. கரை கட்டிய ஒவ்வொரு பகுதிக்கும் பொதுப் பம்பு இருப்பதும், கூட்டுறவுகள் ஒரே நாளில் ஏற்றி ஒரே நாளில் இறக்குவதும்தான். ஜப்பானில் பருவ நடுவே வயலைக் காயவிடும் ‘நகபோஷி’ பழைய வழக்கம். 2023 முதல், அதை வழக்கத்தைவிட 7 நாள் நீட்டிப்பவர்களுக்கு அந்நாட்டின் கார்பன் வரவுத் திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கேயும் ஒவ்வொரு வயலுக்கும் பாசனமும் வடிகாலும் தனித்தனி.

கார்பன் பணத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. ஐ.பி.சி.சி. தெற்காசியாவுக்குத் தரும் பொது அளவு, தொடர்ந்து தண்ணீர் நிற்கும் வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். நடவு வயலில் 90 நாள் நிற்கும் குறுவைக்கு ஏக்கர் கணக்கில் சுமார் 31 கிலோ. பல முறை காயவிட்டால் அதில் 14 கிலோ குறையும். கரியமில வாயுக் கணக்கில் 390 கிலோ. காயவிட்டதால் கூடும் நைட்ரஸ் ஆக்சைடுக்காக, ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து இடுவதாக வைத்தால், 50 கிலோவைக் கழிக்க வேண்டும். மிச்சம் 340 கிலோ. டன் ஆயிரம் ரூபாய்க்கு விலைபோனால் ஏக்கருக்கு 340 ரூபாய். இதில் அளப்பவர், சரிபார்ப்பவர், இடைத்தரகர் எல்லோரும் பங்கு எடுத்தபின் விவசாயிக்கு வருவது ஒரு நடவுக் கூலிக்கும் காணாது. சரிபார்ப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: 2024 ஆகஸ்டில் கார்பன் வரவுகளைப் பதியும் வெர்ரா என்ற அமைப்பு சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை ஒரே அடியாக நிராகரித்தது.

இத்தனை பேசும்போது வைக்கோலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அறுவடை இயந்திரம் போனபின் வயலில் கிடக்கும் வைக்கோலை ரோட்டவேட்டரால் மடக்கி உழுது இரண்டு வாரத்தில் தாளடி நடுகிறோம். ஐ.பி.சி.சி.யின் அதே கணக்கு முறைப்படி ஏக்கருக்கு 2 டன் வைக்கோலைத் தண்ணீர் கட்டுவதற்கு முந்தைய 30 நாளுக்குள் உழுது விட்டால், வைக்கோலே இடாத வயலைப் போல மீத்தேன் 2.9 மடங்கு. 30 நாளுக்கு முன்பே உழுது, காற்றுப் படும்படி மக்கவிட்டால் சுமார் ஒன்றரை மடங்குதான். குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே அந்த 30 நாள் கிடைக்காது என்பது தெரிந்ததே. ஆகவே வைக்கோல் கட்டும் இயந்திரத்தால் சுருட்டி வெளியே எடுத்து மாட்டுக்கோ காளானுக்கோ கொடுப்பதே வழி. மழைக்கு முன் அந்த இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கச் செய்தால், குழாயால் ஆகாதது தாளடியில் ஆகும். பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டும் மீத்தேனுக்குத் தீனிதான். ஆனால் மண்ணுக்கு அது தரும் நன்மையை நினைத்தால் அதைக் கைவிடச் சொல்ல மனம் வராது. கோடையில் விதைத்து, பூக்கும் முன் மடக்கி, நடவுக்கு முன் கிடைக்கிற நாளையெல்லாம் மக்குவதற்கு விடலாம்.

2000ஆம் ஆண்டிலேயே விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அடுத்த குறுவைக்குக் குழாய் வாங்க நிதி ஒதுக்குவதற்கு முன், சி, டி பிரிவு எனப்படும் சிறு கிளை வாய்க்கால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தலைமதகிலும் கடைமடைக் கிராமத்திலும் முறை நாட்களை ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். முறை மாறினால் மூன்று நாள் முன்பே கைப்பேசிக்குச் செய்தி வரட்டும். அந்த வாய்க்காலில் வயலுக்கு வயல் பாயும் இடங்களில் சிறு மடைகள் கட்டட்டும். ஒரு பருவம் முழுக்க அறிவித்த நாளில் தண்ணீர் வந்ததா என்று நீர்வளத் துறையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமும் சேர்ந்து குறித்து வைக்கட்டும். குழாயை அதன் பிறகு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
மன்னார்குடி